வீட்டுக் குளத்தின் எழுதப்படாத கணக்கு

(நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல், சமூகவியல் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

பெருநகரங்களின் புறப்பகுதிகளில் விற்பனைக்கு வரும் தனிவீடுகளின் விளம்பரங்களில் நீச்சல்குளம் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. அதைக் கட்ட ஆகும் தொகை ஒப்பந்தத்தில் இருக்கும். அதை வைத்திருக்க ஆகும் தொகை பெரும்பாலும் எந்தத் தாளிலும் இருப்பதில்லை.

ஒரு சிறிய கணக்கிலிருந்து தொடங்கலாம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 48,000 லிட்டர் நீர் நிற்கும். அதன் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால் (நம் நாட்டின் பெரும்பகுதிக்கு இது மிகையான அளவன்று) ஒரு நாளில் 160 லிட்டர் காற்றோடு போகிறது. நகரவாசி ஒருவரின் அன்றாடத் தேவைக்கென இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் அளவு 135 லிட்டர். அதாவது, ஒருவரும் இறங்கிக் குளிக்காத நாளிலும் குளம் ஒரு மனிதரின் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே குடித்துவிடுகிறது. ஓராண்டில் ஆவியாகும் நீரின் அளவு, குளத்தின் மொத்தக் கொள்ளளவையே தாண்டிவிடுகிறது. இதற்கு மேல் வடிகட்டியைக் கழுவும்போது வெளியேறும் நீர், நாள்தோறும் பல மணி நேரம் ஓடும் மோட்டாரின் மின்சாரம், வெயிலில் சிதைந்துகொண்டே இருக்கும் குளோரின், நீரின் பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிறுத்திவைக்கும் வேதிப்பொருள்கள், இவற்றையெல்லாம் கவனித்துக்கொள்ளும் ஒரு பணியாளரின் கூலி ஆகியவை சேர்கின்றன.

இந்தச் செலவு புதிதன்று. நிற்கும் நீர் எந்தக் காலத்திலும் தானாகத் தூய்மையாக இருந்ததில்லை. தூசி விழும், பாசி படரும், கரை சரியும், சேறு ஏறும். அப்படியானால், மோட்டாரும் குளோரினும் இல்லாத நூற்றாண்டுகளில் குளம் வைத்திருந்தவர்கள் இந்தச் செலவை எங்கே வைத்தார்கள்? இந்தப் பதிவின் கேள்வி இதுதான். சுருக்கமான விடை: கூலி கொடுக்க வேண்டாத உடல்களின்மேல் வைத்தார்கள். அதனால்தான் கணக்கு எழுதப்படவில்லை. ஆனால் சொற்கள் அந்தக் கணக்கின் ஒரு பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

1. பதின்மூன்றாயிரம் குடம் நீர்

மொகஞ்சதாரோவின் பெருங்குளிப்பிடம் 1920களில் ஜான் மார்ஷல் தலைமையிலான அகழாய்வில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். பாடநூல்கள் இந்த அளவுகளைத் தந்துவிட்டு, இது சடங்குக்குரியதா என்ற விவாதத்துக்குச் சென்றுவிடுகின்றன. கட்டுமானத்தைப் பராமரிப்பின் கண்கொண்டு பார்த்தால் வேறு சில செய்திகள் தெரிகின்றன.

நீர் கசியாமல் இருக்க நெருக்கமாக அடுக்கிய செங்கற்களுக்கிடையே ஜிப்சம் சாந்து. அதற்கு வெளிப்புறம் நிலக்கீல் பூச்சு. ஒரு மூலையில் நீரை வெளியேற்றும் துவாரம். அது ஓர் ஆள் நிற்கக்கூடிய உயரமுள்ள வடிகாலில் சென்று சேர்கிறது. பக்கத்து அறைகளில் ஒன்றில் பெரிய கிணறு. ஆக, இதைக் கட்டியவர்கள் நிரப்புவதை மட்டுமன்றி, காலி செய்வதையும் கழுவுவதையும் மீண்டும் நிரப்புவதையும் சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார்கள்.

முழுவதும் நிறைந்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். கிணற்றிலிருந்து 15 லிட்டர் குடத்தால் இறைத்தால் ஏறத்தாழ 13,400 குடங்கள். நிமிடத்துக்கு ஒரு குடம் வீதம் நாளுக்கு எட்டு மணி நேரம் ஒருவர் இடைவிடாமல் இறைத்தால், ஒருமுறை நிரப்ப 28 நாள்கள் ஆகும். நிரம்பிய பிறகும், ஆவியாகும் நீரை ஈடுசெய்யவே நாள்தோறும் ஏறத்தாழ 28 குடங்கள் வேண்டும். அந்தக் குடங்களைச் சுமந்தவர்கள் யார், என்ன பெற்றார்கள் என்பதற்கு வாசிக்கத்தக்க எழுத்துச் சான்று நம்மிடம் இல்லை. ஆனால் ஓர் உழைப்புப் படை நாள்தோறும் இயங்காமல் அந்தக் குளம் நீரோடு இருந்திருக்க முடியாது என்பதை அந்தச் செங்கற்களே சொல்கின்றன.

2. கிர்நார் பாறையில் ஓர் அரிய வாக்குமூலம்

பராமரிப்புச் செலவை யார் ஏற்றார் என்று வெளிப்படையாகப் பேசும் மிகப் பழைய இந்தியச் சான்றுகளில் ஒன்று குஜராத்தின் ஜுனாகத் அருகே கிர்நார் மலையடிவாரப் பாறையில் உள்ளது. பொ.ஆ. 150ஐ ஒட்டிய காலத்தில் ருத்ரதாமன் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு அது. அது பேசுவது வீட்டுக் குளத்தைப் பற்றியன்று. சுதர்சனம் என்ற பெரிய ஏரியைப் பற்றி. ஆயினும் நம் கேள்விக்கு அது இன்றியமையாதது.

சந்திரகுப்த மௌரியரின் காலத்தில் புஷ்யகுப்தர் கட்டுவித்த ஏரி அது. அசோகர் காலத்தில் துஷாஸ்பர் அதில் கால்வாய்கள் அமைத்தார். பின்னொரு நாள் பெருமழையிலும் புயலிலும் கரை உடைந்தது. உடைப்பின் நீளம் 420 முழம், ஆழம் 75 முழம் என்று கல்வெட்டு அளவு சொல்கிறது. உடைப்பு மிகப் பெரியது என்பதால் அமைச்சர்கள் பணியை எதிர்த்தனர்; மக்கள் நம்பிக்கையிழந்து புலம்பினர். அந்நிலையில் ஆளுநர் சுவிசாகரின் பொறுப்பில் கரை மீண்டும் கட்டப்பட்டது.

இங்கேதான் முக்கியமான செய்தி வருகிறது. நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் கரம், விஷ்டி, பிரணயம் ஆகியவற்றால் வருத்தாமல், தன் சொந்தக் கருவூலத்திலிருந்தே இப்பணியைச் செய்ததாக மன்னன் பெருமை கொள்கிறான். கரம் என்பது வரி. பிரணயம் என்பது ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் வாங்கும் கூடுதல் வசூல். விஷ்டி என்பது ஊதியமில்லாத கட்டாய உழைப்பு. இம்மூன்றும் இல்லாமல் ஓர் ஏரியைச் செப்பனிட்டது கல்லில் பொறிக்கத்தக்க அருஞ்செயலாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் வழக்கம் எதுவாக இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

அந்த ஏரி மீண்டும் உடைந்தது. 455ஐ ஒட்டி ஸ்கந்தகுப்தர் காலத்தில் சக்ரபாலிதர் அதைச் சீரமைத்ததை அதே பாறை பதிவுசெய்கிறது. பின்னர் எப்போதோ அது மறைந்தும் போயிற்று. சீரமைத்தவர்களின் பெயரையும் இந்தக் கல்லில் காண்கிறோம். அங்கும் நாம் காண்பது ஆளுநர்களின் பெயரையே. மண் சுமந்தவர்களின் பெயரை அன்று.

3. ஒரு சொல், பல மொழிகள்

‘விஷ்டி’ என்ற அந்தச் சொல்லைச் சற்றுப் பின்தொடர்வோம். மராத்தியில் அது ‘வேட்’ ஆயிற்று. ‘வேட்பிகார்’ என்ற தொடர் கட்டாய உழைப்பைக் குறித்தது. தெலுங்கில் ‘வெட்டி’, தெலங்கானாவின் ‘வெட்டி சாகிரி’ 1940களின் உழவர் கிளர்ச்சிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. கன்னடத்தில் ‘பிட்டி’. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது குடிகள் செலுத்த வேண்டிய கடமைகளின் பட்டியலில், அமஞ்சி போன்ற ஊதியமற்ற உழைப்பைக் குறிக்கும் சொற்களின் வரிசையில் வருகிறது.

இன்றைய பொருள்களை ஒப்பிட்டால் பொருள்மாற்றத்தின் திசை தெரிகிறது. கன்னடத்தில் ‘பிட்டி’ என்றால் இலவசம். தமிழில் ‘வெட்டி’ என்றால் பயனற்றது, வேலையற்றது. ஊதியமில்லாத உழைப்பைப் பெற்றவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இலவசம். அதைத் தந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வீண். ஒரே வரலாற்று உறவின் இரு முனைகளையும் இரண்டு அண்டை மொழிகள் ஆளுக்கொன்றாக எடுத்து வைத்திருக்கின்றன.

இந்த ‘வெட்டி’க்கும் ‘குளம் வெட்டினார்’ என்பதில் உள்ள வினைக்கும் வேர் வேறு. ஒன்று வடசொல் வழி வந்தது; மற்றது திராவிட வினையடி. ஒலி ஒன்றுபட்டது தற்செயல். ஆனால் குளம் வெட்டிய புரவலரின் பெயர் கல்லிலும், வெட்டி செய்தவர்களின் உழைப்பு வசைச்சொல்லிலும் நிலைத்திருப்பதைக் காணும்போது, இந்தத் தற்செயலைக் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

பராமரிப்பைக் குறிக்கும் ‘மராமத்து’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். சென்னை மாகாணத்தில் அதனோடு ‘குடி’ சேர்ந்து ‘குடிமராமத்து’ ஆயிற்று. ஊரார் தாமாகக் கூடிச் செய்த பணி என்று அது இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் 1858இல் காலனிய அரசு அதற்கென இயற்றிய சட்டத்தின் பெயர் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஊரொற்றுமை என்று நாம் புகழ்வதற்கும் கட்டாயம் என்று சட்டம் பெயரிட்டதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறியிருக்கும்.

4. தறவாட்டுக் குளம்: வீட்டுக்குரிய நீர்

இதுவரை பார்த்தவை பொதுக் கட்டுமானங்கள். வீட்டுக்குச் சொந்தமான குளிக்கும் குளம் என்று நோக்கினால், இந்தியாவில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கேரளத்தின் தறவாட்டுக் குளம்.

நாலுகெட்டு, எட்டுகெட்டு வீடுகளோடு சேர்ந்து, பெரும்பாலும் வளாகத்தின் வடகிழக்கில் குளம் அமையும். செம்புறாங்கல்லால் (மலையாளத்தில் வெட்டுகல்) கட்டிய படிகள், ஓட்டுக்கூரை வேய்ந்த குளப்புரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கடவுகள். குடிநீருக்குக் கிணறு தனியே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நாட்டில் குளம் எதற்கு என்று கேட்கலாம். அந்த மழையின் பெரும்பகுதி சூன் முதல் நவம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். துளைகள் மிகுந்த செம்புறாங்கல் நிலம் நீரை விரைவில் கீழே விட்டுவிடும். நிலத்தடி நீர்மட்டம் வரை தோண்டிய குளம் கோடையிலும் ஊற்றுநீரால் நிற்கும். பக்கத்துக் கிணறுகளுக்கும் அது துணை.

ஆனால் நீர்த்தேவை மட்டும் வீட்டுக்கொரு குளத்தை விளக்காது. விடியற்காலைக் குளியல், கோவிலுக்கு முன் குளியல், அடுக்களைக்கு முன் குளியல் என்ற ஒழுக்கம் ஒருபுறம். மறுபுறம் தீண்டல். குறிப்பிட்ட சாதியார் தொட்டாலோ, வகுக்கப்பட்ட தொலைவுக்குள் நெருங்கிவந்தாலோகூடத் தீட்டு. அது நீங்க முழுகிக் குளிக்க வேண்டும். குடத்து நீரை மொண்டு ஊற்றிக்கொள்வது போதாது; உடல் முழுவதும் அமிழும் நீர் வேண்டும். வீட்டுக்கு அருகில் ஆழமான குளம் என்பது சாதி ஒழுங்கின் அன்றாடக் கருவி.

இனிப் பராமரிப்பு. ஒவ்வோராண்டும் மழையில் கரை சரியும், வளாகத்து மண் அரித்து வந்து சேரும், சுற்றியுள்ள மரங்களின் இலை விழுந்து அழுகும். படிக்கற்களில் பாசி படிந்து வழுக்கும். கல்லின் விளிம்பு தேயும். பாயல் என்று மலையாளத்தில் சொல்லப்படும் நீர்க்களைகள் படரும். ஆகவே கோடையின் உச்சத்தில் நீரை இறைத்து வெளியேற்றி, சேற்றை அள்ளி, படிகளைச் சீர்செய்ய வேண்டும். அள்ளிய சேறு தென்னைக்கு உரம்.

ஒரு தோராயக் கணக்கு: 20 மீட்டருக்கு 15 மீட்டர் பரப்புள்ள குளத்தில் 20 சென்டிமீட்டர் சேறு எடுத்தால் 60 கன மீட்டர். படியேறிச் சுமந்து கொட்டுவதற்கு ஓர் ஆள் நாளில் இரண்டு கன மீட்டர் எடுப்பார் என்று தாராளமாகக் கொண்டாலும் 30 ஆள்நாள்கள். நீர் இறைப்பு, கரை கட்டுதல், படி சீரமைப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் இதைப்போல் இருமடங்கு ஆகலாம்.

இந்த ஆள்நாள்கள் எங்கிருந்து வந்தன? தறவாட்டு வயல்களிலும் வளாகங்களிலும் மண்வேலையும் சேற்றுவேலையும் செய்தவர்கள் புலையர், செறுமர் முதலிய சாதியினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களில் மிகப் பலர் சட்டப்படியே அடிமைகள். 1800–1801இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், நிலத்தைப் போலவே மனிதரும் ஜன்மம், காணம், பாட்டம் என்ற முறைகளில் விற்பனையாகவும் அடகாகவும் வாடகையாகவும் கைமாறியதைப் பதிவுசெய்திருக்கிறார். அவர்களுக்குக் கிடைத்தது நெல் அளவை. அது உழைப்பின் விலையாகக் கணக்கிடப்பட்டதன்று. உயிரோடு வைத்திருக்கும் செலவு.

குளத்துக்கான தேவையை உண்டாக்கிய சாதி ஒழுங்கே அதன் பராமரிப்புக்கான உழைப்பையும் வழங்கியது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. சேறாக இருக்கும்போது இறங்கலாம். நீர் ஊறி நிறைந்த பின் அணுகக்கூடாது. வறண்ட குளத்தின் அடியில் நின்று உழைத்தவரின் அண்மையே, நிறைந்த குளத்தில் முழுகிக் கழுவ வேண்டிய தீட்டு.

திருவிதாங்கூரில் அரசுக்கும் கோவிலுக்கும் செய்ய வேண்டியிருந்த ஊதியமற்ற உழைப்புக்குப் பெயர் ஊழியம். தமிழில் இன்று அரசு ஊழியர் என்கிறோம். தேவாலயப் பணியையும் ஊழியம் என்கிறோம். கட்டாயத்தின் சொல், சம்பளத்துக்கும் தொண்டுக்கும் உரிய சொல்லாக உயர்ந்துவிட்டது. ‘வெட்டி’ தாழ்ந்தது, ‘ஊழியம்’ உயர்ந்தது. இரண்டிலும் பழைய பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

5. கணக்கு திறந்தபோது

தறவாட்டின் சொத்து கூட்டுச்சொத்து. நிர்வாகம் மூத்த ஆணாகிய காரணவரிடம். பழைய வழக்கப்படி இளையவர்களுக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மலபாருக்குப் பொருந்திய 1933ஆம் ஆண்டின் மருமக்கத்தாயச் சட்டம்தான் கணக்கும் சொத்துப்பட்டியலும் வைத்துக் காட்டுவதைச் சட்டக் கடமையாக்கியது. குளத்துக்கு என்ன செலவாகிறது என்ற கேள்வியைக் குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் சட்டப்படி எழுப்பும் நிலை அதன்பின் வந்தது.

அதே காலத்தில் கூட்டுச்சொத்தும் பிரியத் தொடங்கியது. திருவிதாங்கூரில் 1925, மலபாரில் 1933, கொச்சியில் 1938 என்று வந்த சட்டங்கள் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டன. 1976 திசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே முடித்துவைத்தது. வயலைப் பிரிக்கலாம், தென்னந்தோப்பைப் பிரிக்கலாம், வீட்டைக்கூடச் சுவர் வைத்துப் பிரிக்கலாம். குளத்தைப் பிரிப்பது எப்படி? பல பாகப் பத்திரங்களில் காவும் குளமும் பொதுவில் விடப்பட்டன. எல்லாக் கிளைகளுக்கும் குளிக்கும் உரிமை. எந்தக் கிளைக்கும் தூர் வாரும் கடமை இல்லை.

உழைப்பின் பக்கத்தில் மாற்றம் இன்னும் ஆழமானது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843, கொச்சியில் 1854, திருவிதாங்கூரில் 1855 என அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நடைமுறையில் அது நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 1970 சனவரி முதல் நாளில் செயலுக்கு வந்த நிலச்சீர்திருத்தம் பாட்டக்காரர்களுக்கு நில உரிமையையும், குடிகிடப்புக்காரர்களுக்குத் தாம் குடியிருந்த மனையின் மீது உரிமையையும் தந்தது. பாட்டம் என்ற வருவாய் நின்றது. நினைத்த போது வெளியேற்றப்படலாம் என்ற அச்சமும் நின்றது. 1974இல் விவசாயத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கோடைதோறும் தேவைப்பட்ட அந்த ஆள்நாள்களுக்கு இப்போது ஒரு விலை இருந்தது. அது குளத்தின் புதிய செலவன்று. எப்போதும் இருந்த செலவு முதன்முறையாக ரூபாயில் எழுதப்பட்டது.

தறவாட்டுக் குளங்கள் சிதைந்ததைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஓர் ஏக்கம் இருக்கும்: மரபு மறைந்தது, இயற்கை அழிந்தது என்று. அந்த இழப்பு உண்மையானது. குளங்கள் தூர்ந்ததால் கிணற்று நீர்மட்டம் பாதிக்கப்பட்ட இடங்கள் உண்டு; 1950களில் தென்பட்டு 1960களில் பரவிய ஆப்பிரிக்கப் பாயல், கவனிப்பாரற்ற நீர்நிலைகளைச் சில வாரங்களிலேயே மூடிவிடக்கூடியது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் கேரளத்தில் உயிர்களைப் பறித்தபோது, தேங்கிய நீரில் குளிக்க வேண்டாமென்றும், கிணறுகளிலும் நீச்சல்குளங்களிலும் குளோரின் இட வேண்டுமென்றும் நலத்துறை அறிவுறுத்த நேர்ந்தது. பராமரிப்பு ஆடம்பரமன்று. ஆனால் அந்த ஏக்கத்தில் ஒரு கேள்வி விடுபட்டுவிடுகிறது: அந்தத் தெளிந்த நீருக்கு விலை கொடுத்தவர் யார்? குளங்களின் சிதைவை மரபு மறதி என்று மட்டும் விளக்குவது, அந்த மரபை நடத்திய உழைப்பை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

2016 திசம்பரில் தொடங்கிய ஹரிதகேரளம் இயக்கத்தின் கீழும், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழும் பல குளங்கள் மீண்டும் தூர் வாரப்பட்டன. கேரளத்தில் வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் வருகைப் பதிவேட்டில் பெயர், நாள், கூலி மூன்றும் உண்டு. குளப் பராமரிப்பின் நெடிய வரலாற்றில் இந்தப் பதிவேட்டை ஒரு முக்கிய ஆவணமாக நான் கருதுகிறேன்.

6. யாருடைய குளம்?

குளத்தின் உடைமை பற்றிய கேள்வி நீதிமன்றத்துக்கே சென்ற புகழ்பெற்ற நிகழ்வு கேரளத்தில் அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் மஹாட் நகரில் நடந்தது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மஹாட் நகராட்சியும் அதைப் பின்பற்றித் தீர்மானம் இயற்றியது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். அதன்பின் சாதி இந்துக்கள் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். தீட்டு நீக்கக் குடங்கள் உடனே கிடைத்தன.

அவ்வாண்டு திசம்பரில் தொடுக்கப்பட்ட வழக்கில் வாதிகள் முன்வைத்தவை இரண்டு: குளம் தனியாருக்கு உரியது, அதைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தாமை தொன்மையான வழக்கம். பத்தாண்டு நடந்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பின்னர் எழுதப்பட்ட அரசியலமைப்பில் இந்த வரலாறு இரண்டு இடங்களில் படிந்திருக்கிறது. கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி முதலியவற்றின் பெயரால் எவருக்கும் தடை கூடாது என்கிறது 15ஆம் உறுப்பு. எந்தக் குளங்கள்? முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படுபவை, அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒப்படைக்கப்பட்டவை. அங்கே அளவுகோல் தோண்டியவர் யார் என்பதன்று. பராமரிப்பவர் யார் என்பது. 23ஆம் உறுப்பு, பிகார் என்ற சொல்லையே எடுத்தாண்டு, கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. முதலாவது, குளத்தில் இறங்குவோரின் உரிமை. இரண்டாவது, குளத்தைச் சீர்செய்வோரின் உரிமை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஒரு குளத்தின் சமூக வரலாறு முழுமையாகிறது.

7. மீண்டும் வீட்டு நீச்சல்குளம்

இன்றைய வீட்டு நீச்சல்குளத்தின் கணக்கு திறந்திருப்பதுபோல் தோன்றுகிறது. வேதிப்பொருளுக்கு ரசீது உண்டு, மின்சாரத்துக்குக் கட்டணம் உண்டு, பணியாளருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆனால் நீருக்கு?

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, நிலத்தின் உடைமையாளர் தன் எல்லைக்குள் கீழே உள்ள நீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை உடையவர். பல மாநிலங்களில் பின்னர் ஒழுங்குமுறைகள் வந்திருந்தாலும், வீட்டு ஆழ்துளைக் கிணற்றைப் பொறுத்தவரை நடைமுறை மனநிலை இன்றும் இதுதான். நீரை மேலே கொண்டுவரும் மின்சாரத்துக்கு விலை. நீருக்கு விலை இல்லை. ஆனால் நிலத்தடி நீர் வேலியை அறியாது. ஒருவரின் குளம் நிறையும்போது அண்டை வீட்டுக் கிணற்றில் கயிறு நீள்கிறது. அந்தக் கூடுதல் ஆழத்துக்கான செலவு குளத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது, நீச்சல்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதை நகரின் குடிநீர் வாரியம் தடைசெய்து, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல கட்டங்களாக மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் அது. குளத்தில் நிற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னால் ஒரு பொதுச்செலவு இருக்கிறது என்பதை, பஞ்சம் வந்த பிறகே ஓர் ஆணை நினைவூட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் குளம் வைத்திருப்பது தவறு என்று வாதிடுவது என் நோக்கமன்று. கேட்க வேண்டிய கேள்வி, அதன் செலவு எவ்வளவு என்பதோடு நின்றுவிடக்கூடாது. அந்தச் செலவில் எந்தப் பகுதி யாருடைய கணக்கில் எழுதப்படாமல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். விஷ்டியிலும் ஊழியத்திலும் அது உழைப்பாக மறைந்திருந்தது. இன்று பெரும்பாலும் அது நீராக மறைந்திருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். குளம் தோண்டுதலைக் குறிக்கும் சொற்களை அகராதிகள் நன்றாகத் தொகுத்திருக்கின்றன. பராமரிப்பின் சொற்கள் அந்த அளவுக்குத் தொகுக்கப்படவில்லை. தூர் வாருதல், பாசி எடுத்தல், கரை மண் இடுதல், மடை காத்தல் போன்ற பணிகளுக்கும், அவற்றைச் செய்தவர்களுக்கும், அவர்கள் பெற்ற கூலிக்கும் உங்கள் வட்டாரத்தில், உங்கள் மொழியில் வழங்கும் பெயர்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு, மராத்தி, வங்கம் என எம்மொழியாயினும் சரி. சொல்லோடு ஊரின் பெயரையும், யார் வாயில் கேட்டீர்கள் என்பதையும் (பாட்டி, கூலித்தொழிலாளர், ஊர்க்காவலர் என்ற அளவில் போதும்) சேர்த்துக் குறிப்பிட்டால் தொகுப்புக்குப் பெரிதும் உதவும்.